இரண்டு நாக்குக் கிட்டார்

நைலுல் அதே இடத்தில்தான் வழுக்கினாள்.

பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மணப்பெண்ணுக்கு மருதாணி எப்படிச் சிவந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பலகாரத் தட்டு எத்தனை என்று பேசிக்கொண்டு, நடுநடுவே மேடையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெப்பாராவில் பகல் கல்யாணம். வெயில் தகரப் பந்தலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மேடையில் ஒன்பது பெண்கள், ஒன்பது பேருக்கும் ஒரே வெளிர்ப்பச்சை அங்கி, அதே பச்சையில் முக்காடு. டெமாக் பக்கத்து 'அன்-நஸீமா' கஸீதா என்னும் மார்க்கப் பாட்டுக் குழு என்றால் அந்தக் கரையோரத்தில் ஓரளவு தெரியும்.

முன்னிசையைக் கிட்டார்தான் முடிக்கும். அதை வாசிக்கும் ஜும்ரோ தடித்த கம்பியில் மேலே, கழுத்து உடம்போடு சேரும் இடம்வரை விரலை ஏற்றிக்கொண்டுபோய், கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்துவாள். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்காரி நுழைய வேண்டும். நைலுல் நுழைந்தாள். அடுத்த நொடி கீபோர்டு சேர்ந்தது. சேர்ந்ததும், மேடையில் இருந்தவர்களுக்கு, அவள் குரல் ஒரு நூலளவு விலகி நிற்பது வெட்டவெளிச்சமானது. இரண்டாவது வார்த்தைக்குள் அவள் சமாளித்துக்கொண்டாள். கெட்டிக்காரி. இருபத்திரண்டு வயது, மாவட்ட அளவில் குர்ஆன் ஓதும் போட்டியில் பரிசு வாங்கியவள். அவள் காதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

அதனால்தான் ஜும்ரோவால் அதைச் சாதாரணமாக விட முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அல்ஃபியா அக்கா வழுக்கியதும் இதே பாட்டில், இதே வார்த்தையில்.

திரும்பும்போது வேனில் நைலுல் வாயைத் திறக்கவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் தர்வாத்தியால் அப்படி ஒரு மௌனத்தைத் தாங்க முடியாது. இருக்கையிலிருந்து எட்டி அவள் தோளைத் தட்டினாள்.

"ஏன்டி மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க? ஒரு வார்த்தைதானே சறுக்கிச்சு. அந்த எடத்துல ஏதோ ஜின்னு குடியிருக்கு. முன்னாடி அல்ஃபியா அக்காவ பிடிச்சுது, இப்ப உன்ன பிடிச்சிருக்கு."

"எனக்கு அந்தச் சுரம் எங்க இருக்குன்னே தெரியலக்கா," என்றாள் நைலுல். "கேக்குது. ஆனா கைக்கு அகப்பட மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜும்ரோ சிரிக்கவில்லை. மடியில் கிடந்த கிட்டார் உறையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக வந்தாள்.

*

ஜும்ரோவுக்கு நாற்பத்து நாலு வயது. தையல்காரி. குழுவின் அங்கிகளைத் தைப்பதும் அவள்தான். அல்ஃபியா அவளைவிட ஏழு வயது மூத்தவள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேருமாகத்தான் வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டிக் குழுவை ஆரம்பித்தார்கள். "பொம்பளைங்க கைல கிட்டாரா?" என்று கேட்ட புருஷன்மாரை எல்லாம் அல்ஃபியாதான் பேசிச் சரிக்கட்டினாள். பேச்சில் மடங்காதவர்களைப் பாடி மடக்கினாள். அவ்வளவு நல்ல குரல்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், ஒலிபெருக்கி கொண்டுவந்த ஆள் ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டான்: "கிட்டார் சத்தமே வரலியே, அது என்ன அலங்காரத்துக்கா?" பந்தலே சிரித்தது. மறுநாள் காலை ஜும்ரோ புருஷனின் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பிகளுக்குக் கீழே மூன்று பிக்கப்புகள், சின்னச் சின்னக் காந்தக் கட்டைகள். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் இரண்டு திருகாணி. வலப்பக்கம் திருப்பினால் பிக்கப் மேலே வரும், கம்பியை நெருங்கும், சத்தம் கூடும். போகிற மட்டும் திருகினாள். அதற்குப் பிறகு எந்தப் பந்தலிலும் யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. அடுத்த கல்யாணத்தில் அதே ஆள் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஒரு மாசத்துக்குக் குறையவில்லை.

அந்த வருடத்திலேயே அல்ஃபியாவின் சுருதி தடுமாற ஆரம்பித்தது.

முதல் தடவை ஜலதோஷம் என்றார்கள். இரண்டாம் தடவை நோன்புக் களைப்பு என்றார்கள். மூன்றாம் தடவை குடூஸில் மௌலித், நபி பிறந்தநாள் விழா. ஆயிரம் பேர் கூட்டம். நுழைந்த இடத்திலேயே குரல் விலகி, முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்தது மேடையிலிருந்தே தெரிந்தது. இறங்கியதும் அல்ஃபியா நேராக ஜும்ரோவிடம் வந்தாள்.

"ஜும், உன் கிட்டாரு ரெண்டு நாக்கால பேசுதுடி. நான் எந்த நாக்க நம்பி உள்ள வர்றது?"

ஜும்ரோ கிட்டாரின் தலையில் மாட்டியிருந்த சுருதி பார்க்கும் கருவியை இயக்கி, ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் காட்டினாள். ஆறுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பச்சை விளக்கோடு யார் வழக்காட முடியும்?

அதற்கடுத்த வாரம் பூ ஞாய் வீட்டு முன்னறையில் கூடினார்கள். ஊர் மதரஸாவை நடத்தும் கியாயின், அதாவது மார்க்கப் பெரியவரின், மனைவி அவர். குழுவுக்கு ஒத்திகை இடம் கொடுத்தவர். குழுவில் எதுவானாலும் அவர் வார்த்தைதான் கடைசி. எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜும்ரோதான் சொன்னாள்: "அக்காவுக்கு வயசாயிடுச்சு பூ ஞாய். காது முன்ன மாதிரி இல்ல. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்." குழுவின் நன்மைக்காகச் சொல்வதாகத்தான் அன்று அவள் நினைத்தாள். பூ ஞாயும் அதுதான் சரி என்றார். அங்கே உட்கார்ந்திருந்த அல்ஃபியா மறுநாள் தன்னுடைய அங்கிகள் நாலையும் துவைத்து, பெட்டிபோட்டு, மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

*

ஜெப்பாராவிலிருந்து வந்த மறுநாள் காலை, தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்க, ஜும்ரோ கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தர்வாத்தி எடுத்து அனுப்பிய பதிவு. முன்னிசை முடிகிற இடம், நைலுல் நுழைகிற இடம். திரும்பத் திரும்ப அதையே ஓட்டினாள். முதலில் குரலைக் கேட்டாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை குரலை விட்டுவிட்டு, அதற்கு முந்தின தன் சுரத்தைக் கேட்டாள்.

அது ஒரு சுரமாக இல்லை. ஒன்றை ஒட்டி இன்னொன்று. இரண்டும் உரசிக்கொண்டு, தண்ணீருக்குள் தெரியும் நிலா மாதிரி நெளிந்தன.

கிட்டாரை எடுத்தாள். கருவியை மாட்டி வெறுங்கம்பியை மீட்டினாள். பச்சை. அதே தடித்த கம்பியை மேலே, கடைசிக் கட்டத்தில் அழுத்தி மீட்டினாள். விளக்கு பச்சைக்கும் சிவப்புக்கும் தாவித் தாவி, எங்கும் நிற்காமல் தவித்தது. இத்தனை வருடத்தில் அவள் அங்கே அழுத்திச் சோதித்ததே இல்லை. யாரும் சோதிப்பதில்லை. கம்பியைக் கட்டும்போது வெறுமனே மீட்டிப் பார்ப்பதோடு சரி.

கம்பியை அங்கே அழுத்தியபடியே குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையலாம், அட்டை நுழையாது. குனிந்த வேகத்தில் முக்காட்டில் குத்தியிருந்த ஊசி ஒன்று கழன்று விழுந்தது. விழுந்த ஊசி கிட்டாரில் உருளவில்லை. பிக்கப்பின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றது.

ஜும்ரோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் அறைத் தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க அவளிடமே ஒரு காந்தம் இருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் வைத்தால் ஊசி அசையாது. கிட்டே கொண்டுபோனால் எழுந்து ஓடி வரும். இரும்புக் கம்பிக்கும் அதே கதிதானே? கம்பி தன் போக்கில் ஆட வேண்டும். காந்தம் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. அது எப்படி ஒழுங்கான சுரத்தைச் சொல்லும்?

"அஸ்தஃபிருல்லா," என்று வாய்விட்டு இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவள் புருஷன் முக்லிஸ் வாசலில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். எழுந்துபோய் அவன் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"அது எனக்கு வேணும்," என்றான் அவன்.

"எனக்கு அதவிட வேணும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வேறு கருவியைத் தேடிப் பெட்டியைக் கிளறினான்.

திருகாணியை இடப்பக்கம் திருப்பினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தடித்த கம்பிப் பக்கம் பிக்கப் மெல்ல உள்ளே இறங்கியது. மெல்லிய கம்பிப் பக்கம் அவ்வளவு இறக்கவில்லை. அங்கே காந்தத்துக்குப் பிடிமானம் குறைவு என்று காதே சொன்னது. கம்பியை அழுத்தி ஒரு ஐந்நூறு ரூபியாக் காசைக் கீழே நுழைத்துப் பார்த்தாள். உரசிக்கொண்டு நுழைந்தது. இன்னும் அரைச் சுற்று. இப்போது உரசாமல் போயிற்று. மீட்டினாள்.

சத்தம் குறைந்துதான் போயிருந்தது. ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒலியைக் கூட்டினாள். மறுபடி மீட்டினாள். சுரம் ஒன்றாக எழுந்தது, வட்டமாக, அடியில் கொஞ்சம் மரத்தின் குணத்தோடு. எழுந்தது அறுபடாமல் நின்று, நின்று, தானாகத் தேய்ந்தது. அவள் அந்தக் கிட்டாரைப் பத்து வருடமாக வாசிக்கிறாள். அதற்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது. நல்ல ஒலியைக் கேட்ட சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அல்ஃபியா சொன்ன இரண்டு நாக்கு ஞாபகம் வந்தது.

*

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸாக் கூடத்தில் ஒத்திகை. அந்தப் பாட்டு வந்தது. ஜும்ரோ முன்னிசையை முடித்தாள். நைலுல் நுழைந்தாள், கதவு தானாகத் திறந்தது போல. கீபோர்டு சேர்ந்தது. எங்கும் ஒரு பிசிறு இல்லை.

பாட்டு முடிந்ததும் தர்வாத்தி பேஸைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "என்னடி பண்ணின? தேன்ல தோச்சு எடுத்த மாதிரி இருக்கு. புதுக் கம்பியா?"

"ஆமா," என்றாள் ஜும்ரோ. "புதுக் கம்பி."

"எனக்கும் ஒரு செட்டு வாங்கிக் குடு. நான் வாசிச்சா தவளை கத்துற மாதிரி இருக்குன்னு என் வீட்டுக்காரரு சொல்றாரு."

நைலுல் தூரத்திலிருந்து ஜும்ரோவைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? கோளாறு சரியாகிவிட்டது. அல்ஃபியா போய் இரண்டு வருடமாகிவிட்டது. அவள் மீன் வியாபாரம் நன்றாக நடக்கிறதென்று கேள்வி. ஆறிய புண்ணைக் கிளறுவானேன்? ஜும்ரோ இதையெல்லாம் தனக்குத்தானே நாலு நாள் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒரு சட்டைக்குக் கழுத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். அதைப் பிரித்து, மறுபடியும் அதே மாதிரி தைத்தாள். துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். கிட்டாரையும், பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்பையும், திருப்புளியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

*

அல்ஃபியாவின் வீடு சாயுங் கரையில். ஓத ஏற்றத்தில் கடல் தெருவுக்கு வந்திருந்தது. ஸ்கூட்டர் சக்கரம் பாதிவரை உப்புத் தண்ணீரில் ஓடியது. தண்ணீருக்குப் பயந்து அந்த வீட்டின் தரையை மூன்று தடவை மண்ணடித்து உயர்த்திவிட்டார்கள். கூரை அதே இடத்தில் நிற்கிறது. ஜன்னல் இப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது. வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றியில் இடிக்கும்.

அல்ஃபியா பின்கட்டில் இருந்தாள். தேங்காய் ஓட்டுத் தணலுக்கு மேலே கம்பி வலையில் திருக்கை மீன் துண்டுகளை வரிசையாக அடுக்கிப் புகைபோட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வாம்மா. யூனிஃபார்ம்ல ஏதாவது பாக்கியா? எல்லாத்தையும் மடிச்சுக் குடுத்துட்டேனே."

"இல்லக்கா. கிட்டார் கொண்டாந்தேன்."

"எதுக்கு? மீனுக்கு வாசிச்சுக் காட்டவா?"

ஜும்ரோ ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுவந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னது நெசம். குறை கிட்டார்லதான். உங்க காதுல இல்ல," என்றாள். பிறகு கொட்டினாள்: ஒலிபெருக்கிக்காரன் கேட்டது, திருகாணியை ஏற்றியது, நைலுல் வழுக்கியது, ஊசி நின்றது, எல்லாவற்றையும்.

அல்ஃபியா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"வாசி."

ஜும்ரோ ஆம்பைப் போட்டு முன்னிசையை வாசித்தாள். கடைசிச் சுரம் புகைக்குள் நின்று கரைந்தது. அல்ஃபியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது நல்லா இருக்கு. இது எனக்கு வேணாம். பழையபடி ஏத்து."

"அக்கா?"

"அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஏத்து. நான் அதக் கேக்கணும்."

ஜும்ரோ திருப்புளியை எடுத்தாள். முனை இரண்டு தடவை திருகாணியிலிருந்து நழுவிப் பிளாஸ்டிக்கைக் கீறியது. வலப்பக்கம், போகிற மட்டும். வாசித்தாள். கடைசிச் சுரம் நெளிந்தது.

"இன்னொரு வாட்டி."

வாசித்தாள். இந்தத் தடவை அல்ஃபியா நுழைந்தாள். முழங்காலில் கரிபடிந்த கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, அந்தச் சுரத்தைப் பிடித்து முதல் வார்த்தையைப் பாடினாள். ஜும்ரோ உடனே கீழே வெறுங்கம்பியைத் தட்டினாள். குரலுக்கும் கம்பிக்கும் நடுவே அதே ஒரு நூலளவு இடைவெளி. குடூஸில் ஆயிரம் பேர் கேட்டது.

"இதுதான்," என்றாள் அல்ஃபியா. "இதேதான். இதேதான்டி."

பிறகு பிக்கப்பை இறக்கச் சொன்னாள். இறக்கியதும் பாடினாள். வெறுங்கம்பியும் குரலும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்தன. அல்ஃபியா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று வைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு வருஷமா நான் யாசீன்கூட சத்தமா ஓதல," என்றாள். "தெருவுல பொம்பளைங்க கூடி ஓதும்போது உதட்ட மட்டும் அசைப்பேன். என் காது கெட்டுப்போச்சு, பக்கத்துல இருக்கிறவளையும் கெடுத்துடுவேன்னு பயம். தனியா மீன் கழுவும்போதுகூட வாயத் தொறக்க மாட்டேன். என் வீட்டுக்காரரு, என்ன நீ ஊமையாயிட்டன்னு கேட்டாரு. என்ன சொல்ல?"

"அக்கா, நான்..."

"நீ சொன்னதுக்கு நான் கோபப்படல, ஜும். தப்பா சொல்றவங்க உலகத்துல ஆயிரம் பேரு. நான் நம்பினேன் பாரு. அம்பது வருஷமா எங்கூட இருந்த காத விட்டுட்டு உன் பச்ச லைட்ட நம்பினேன். அதான் எனக்கு ஆறல."

தணல் சடசடத்தது. ஒரு மீன் துண்டின் ஓரம் கருகிவிட்டிருந்தது. அதை எடுத்து ஒரு பக்கமாகப் போட்டாள்.

"ஏழு பேரு பாக்க லைட்ட காட்டினல்ல? அந்த ஏழு பேருக்கும் தெரியுமா இது?"

ஜும்ரோ தலையை ஆட்டினாள். இல்லை.

"அப்ப இங்க என்ன பண்ற? போ."

குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்கவில்லை. அந்தக் கரையில் அது சின்ன விஷயமில்லை. ஜும்ரோ கிட்டாரை உறையில் போட்டு, குனிய மறந்து நிலையில் இடித்துக்கொண்டு, வெளியே வந்தாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால், பூ ஞாயும் இருக்கும்போது, அவள் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். பேசுவதற்கு முன்னால் திருகாணியை மேலே ஏற்றி வாசித்தாள். பிறகு இறக்கி வாசித்தாள். இரண்டையும் கேட்க வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "போன வாரம் புதுக் கம்பின்னு சொன்னது பொய். கம்பி பழசுதான். அன்னிக்கு அல்ஃபியா அக்காவ கெடுத்தது இந்தத் திருகாணிதான்."

 வழக்கம்போல தர்வாத்திதான் ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் குரலில் வேடிக்கை இல்லை.

"நீ மட்டும் பொறுப்பு எடுத்துக்காத. நான் பக்கத்துலயே நின்னு வாசிச்சேன். எனக்கும் ரெண்டு காது இருந்துச்சு. அந்த அக்கா சொல்லும்போது நானும் லைட்டத்தான பாத்தேன்."

நைலுல் தரையைப் பார்த்தபடி, "அப்ப என் தப்பு இல்லியா?" என்று மெல்லக் கேட்டாள். ஜெப்பாராக் கல்யாணத்திலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அவளும் அங்கியை மடித்துக் கொடுத்திருப்பாளோ என்னவோ.

பூ ஞாய் நிதானமாக எழுந்தார். "நீங்க சொன்னீங்க, நான் தீர்ப்பு சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அவளக் கூப்பிட்டு என் முன்னால பாடச் சொல்லியிருக்கலாம். சொல்லல."  மறுநாள் காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு சாயுங் போனார் என்றும், காரைத் தண்ணீருக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனார் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அல்ஃபியா வரவில்லை. ஒரு வெள்ளி போயிற்று. இன்னொரு வெள்ளியும் போயிற்று. வர மாட்டாள் என்று ஜும்ரோ மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் வெள்ளி, ஒத்திகை பாதியில் இருக்கும்போது, கூடத்தின் கடைசிக் கதவருகே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அல்ஃபியா. கையில் வாழையிலையில் கட்டிய மீன் பொட்டலம். யாரையும் பார்க்காமல் பின் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு தடுமாறி நின்றது.

"ஏன் நிறுத்துறீங்க? வாசிங்க. ஜும், அந்த முன்னிசைய வாசி. அங்கேர்ந்து இங்க எப்படி வருதுன்னு பாக்கணும்."

ஜும்ரோ வாசித்தாள்.

"ரொம்ப எறக்கிட்ட," என்றாள் அல்ஃபியா. "பயந்துபோய் எறக்கியிருக்க. சுரம் சரி, உசுரு இல்ல. கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள படுத்துடுது. தடிச்ச பக்கம் கொஞ்சம் ஏத்து."

கால் சுற்று ஏற்றினாள். வாசித்தாள்.

"இன்னும் கொஞ்சம்... அய்யோ, போதும், போதும். திரும்ப நெளியுது. பாதி எறக்கு. இப்ப மெல்லிசுக் கம்பி கத்துது பாரு, அந்தப் பக்கத்தயும் கவனி. கழுத்தாண்ட இருக்கிறது, நடுவுல இருக்கிறது, எல்லாம் ஒரே குடும்பமா இருக்கணும்ல? ஒண்ணு கத்தி ஒண்ணு முனகினா எப்படி?"

மாலை மக்ரிப் தொழுகையின் பாங்குக்குக் கொஞ்சம் முன்புவரை இது நடந்தது. ஒருத்தி பின் சுவரிலிருந்து சொல்ல, ஒருத்தி மேடையில் குனிந்து திருக, நடுவே எட்டுப் பெண்கள் சலித்துப்போய் மீன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அல்ஃபியா கையை உயர்த்தினாள். "இரு. தொடாத. அப்படியே இருக்கட்டும்."

ஜும்ரோ மீட்டினாள். சுரம் கூடத்தின் கடைசிவரை போய், சுவரைத் தொட்டு, ஒன்றாகவே திரும்பி வந்தது. யாரும் மெல்லவில்லை.

"பாடுறியா?" என்று பூ ஞாய் கேட்டார்.

"இன்னிக்கு வேணாம் பூ ஞாய். அடுப்ப அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன்."

போய்விட்டாள். ஜும்ரோவிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்று அதற்குப் பிறகும் சொல்லவில்லை; ஜும்ரோவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி மற்ற எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். நைலுலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ மேல போ, நான் கீழ வர்றேன். மேல போறதுக்கு எனக்கு இப்ப மூச்சு இல்ல. அது வேற விஷயம், அது கிட்டாரோட குத்தம் இல்ல," என்றாள். நைலுல் சிரித்துவிட்டாள்.

இரண்டு குரலும் சேர்ந்து அந்தப் பாட்டுக்குள் நுழைந்தன. ஜும்ரோ கம்பியிலிருந்து விரலை எடுக்காமல், சுரம் தானாக அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தேநீர் யாரு போட்டது?" என்று பாட்டு முடிந்ததும் அல்ஃபியா கேட்டாள். "சர்க்கரையே இல்ல. நான் இல்லாத ரெண்டு வருஷமா இதத்தான் குடிச்சீங்களா?"